பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்

உடன் ஊழியர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 12 வருடமாக ஒரே சபையில் போதகராக இருக்கிறேன். பிரசங்கம், வீடு சந்திப்பு, கணக்கு, வாலிபர் கூட்டம் எல்லாமே என் தலையில்தான். யாரும் சுமத்தவில்லை, நானே விடாமல் பிடித்துக்கொண்டேன். போன மாதம் உடம்பு முடியாமல் இரண்டு வாரம் படுத்தேன். ஜெபக்கூட்டமே நடக்கவில்லை. அது என்னை உலுக்கிவிட்டது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ல், ஜனங்களின் வழக்குகளைத் தனியாகவே விசாரித்துவந்த தன் மருமகன் மோசேக்கு எத்திரோ சொன்ன ஆலோசனையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன்: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர், பெரிய வழக்கு மட்டும் மோசேயிடம். செய்யத்தான் வரவில்லை. கொடுத்த வேலையில் சின்னத் தவறு நடந்தாலும் உடனே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இதைக் கடந்து வந்தவர்கள் முதலில் எந்தப் பொறுப்பைக் கொடுத்தீர்கள்? தவறு நடந்தபோது குறுக்கே போகாமல் எப்படி இருந்தீர்கள்? கணக்கை இரண்டு பேரிடம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா?