புதுப்பிப்பு: முழுமைத் திட்ட வரைவுக்கு ஆட்சேபணை கொடுத்தது என்ன ஆச்சு

நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கான முழுமைத் திட்டத்தின் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) வரைவு வரைபடத்தில், குளத்துக்கரை வயலையும் சேர்த்துக் குடியிருப்பு நிறம் அடித்திருந்தார்கள், ஆட்சேபணை எப்படி எழுதுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "உணர்ச்சியை விட்டுவிட்டு சர்வே எண்ணை எழுதுங்கள்" என்று இங்கே பதில் போட்ட அண்ணாச்சி ஒருவரின் யோசனைதான். இணையத்தில் அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்து, வரத்துக்கால் (குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) போகும் உட்பிரிவுகளைச் சிவப்பில் குறித்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி கருத்துச் சொல்லக் குறைந்தது 2 மாதம் உண்டு. நான் அனுப்பியது கடைசி வாரம். அதிகாரிகள் நேரில் கூப்பிட்டார்கள். வரத்துக்கால் நிலத்தை விட்டுவிடப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். இறுதி ஒப்புதல் அரசிடம்தான், அதனால் இன்னும் வெடி போடவில்லை.

எதிர்பாராதது பஸ் விஷயம். காலையில் கூடுதல் பஸ் வேண்டும் என்று அதே மனுவில் எழுதியது வீண். இந்தத் திட்டம் சாலைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடம் ஒதுக்குவதோடு சரி. பஸ் விடுவது போக்குவரத்துக் கழகம். அப்புறம் அதற்குத் தனி மனு கொடுத்தேன். பதில் வரவில்லை.

மனுவுக்கு ஊராரிடம் கையெழுத்து வாங்க நான் அலைந்த மூன்று ஞாயிறுகளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.