நாற்சார் வீட்டுச் சுவரில் உவர்: சுண்ணாம்புச் சாந்து தெரிந்த மேசன் தேவை

நானும் கூட்டாளியும் தொடங்கிய சிறு கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு நிறுவனம், நல்லூரில் நடுவே முற்றமுள்ள பழைய நாற்சார் வீடொன்றைப் புதுப்பித்து வருகிறது. சுண்ணாம்புக் கற்சுவர்களின்மேல் முன்பு யாரோ சீமெந்து பூசியிருக்கிறார்கள். கார்த்திகை மழைக்குப் பின், முற்றத்தைப் பார்த்த திண்ணைச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உவர் (வெள்ளை உப்பு) பூத்து, விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்கிறது.

முதலில் கூரைநீர் வடியும் பீலியைத் திருத்தி, மழைநீர் சுவரோரம் விழாதபடி செய்தோம். கூட்டாளியின் பிடிவாதத்தால் நீர்க்காப்புப் பூச்சும் அடித்துப் பார்த்தோம். உள்ளே அடைபட்ட ஈரம் மேலும் ஓரடி ஏறியதே மிச்சம். பின்னர் சீமெந்தைக் கொத்தியெடுத்து, உப்பைத் தூரிகையால் துடைத்து, சுவரை இரண்டு மாதம் காயவிட்டிருக்கிறோம். இனிச் சுண்ணாம்புப் பூச்சுத்தான் வழி என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் வந்து பார்த்த மூன்று மேசன்மாரும் சீமெந்து கலக்காமல் பூச முடியாது என்கிறார்கள்.

சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, சீமெந்தின்றிப் பூசத் தெரிந்த மேசன் யாழ்ப்பாணத்தில் எவரையேனும் அறிவீர்களா?