அன்னா மே வோங்: சில்லறையில் வந்த முகம்

சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வோங்கை நான் முதன்முதலில் கண்டது திரையில் அல்ல. துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுவதற்காக நோட்டைக் கொடுத்து மாற்றிய 25 சென்ட் நாணயங்களில் ஒன்றில்தான். ஒரு பக்கம் வாஷிங்டன். மறுபக்கம், திரையரங்கு முகப்பு விளக்குகளின் நடுவே, கையில் முகத்தைத் தாங்கியபடி ஒரு பெண். 2022-இல் வெளியான அந்த நாணயத்துக்கு முன்பு ஆசிய வம்சாவளி அமெரிக்கர் எவருடைய உருவமும் அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்றதில்லை. அவர் 1905-இல் லாஸ் ஏஞ்சலீசில் ஒரு சலவைக்கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர் என்று பிறகு படித்தபோது, அந்தக் காசைச் செலவழிக்க மனம் வரவில்லை.

படங்களைத் தேடியபோது முதலில் கிடைத்தது, அவர் பதினேழு வயதில் நாயகியாக நடித்த 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) என்ற மௌனப் படம். தொடக்ககால டெக்னிகலர் முறையில் சிவப்பும் பச்சையும் மட்டுமே துலங்கும் அந்தப் படத்தில், பெற்ற மகனை அமெரிக்கக் கணவனின் மனைவியிடம் ஒப்படைக்கும் காட்சியில் அவர் அழுவது, மௌனப் படங்களுக்கே உரிய மிகைநடிப்பு சிறிதும் இல்லாத அழுகை. இறுதிப் பகுதி தொலைந்துவிட்டதால், 1985-இல் படத்தை மீட்டெடுத்தவர்கள் பழைய இருவண்ணக் கேமராவாலேயே பசிபிக் கடலைப் புதிதாகப் படம்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு திறமை இருந்தும், வேற்றினத்தாரிடையே காதலைத் திரையில் காட்டுவதற்கு இருந்த தடை அவரை நாயகி வேடங்களிலிருந்து விலக்கியே வைத்தது. சீன விவசாயக் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' படத்தில் நாயகனாக வெள்ளையரான பால் மியூனி ஒப்பந்தமாகியிருந்ததால், மனைவி வேடம் லூயிஸ் ரைனருக்குப் போனது. அதற்காக அவர் ஆஸ்கரும் பெற்றார். வோங்குக்கு முன்வைக்கப்பட்டது ஆசைநாயகி வேடம். அதை மறுத்துவிட்டு 1936-இல் அவர் சீனாவுக்குப் பயணமானார். சீனர்களை இழிவுபடுத்தும் வேடங்களில் நடித்ததாக அங்கும் கண்டனம் எழுந்தது. கொடுத்த வேடத்தைத் தவிர வேறில்லாதவரிடம் போய் இதைக் கேட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவரைப் பார்க்க விரும்புவோர், பிரிட்டனில் எடுக்கப்பட்ட 'பிக்கடிலி' (1929) படத்திலிருந்து தொடங்கலாம். பாத்திரம் கழுவும் பெண்ணாக, சமையற்கட்டில் மேசைமீது ஏறி அவர் ஆடும் ஆட்டம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.