மறு: பூப்பாத்தி ஓரத்துக்கு ஒரு சொல் – ‘தழைகரை’ சரிவருமா?

வணக்கம்.

கட்டோ பாதையோ தெரியாதபடி செடி சரிந்து மூடுகிற பூப்பாத்தி ஓரத்துக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். அதற்கு இங்கே வந்த யோசனைகளில் ‘ஓர மென்மையாக்கம்’ என்று நேற்று வாசித்ததும் எனக்குத் துணி துவைக்கும் திரவம்தான் ஞாபகம் வந்தது. முன்வைத்தவர் கோபிக்கக் கூடாது. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் அதுதான் வரும். ‘எல்லைப் பாத்தி’யும் அப்படித்தான். எல்லை என்றால் ‘இதைத் தாண்டாதே’ என்று அர்த்தம். நாம் பெயர் தேடும் ஓரமோ, பாதை எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்வது.

‘தோட்ட ஓரம்’ இலங்கை மலையகத்தில் எடுபடாது. இங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். தோட்ட ஓரத்தில் பூ நடச் சொன்னால், எத்தனையாம் நம்பர் மலை (தேயிலைத் தோட்டத்தின் எந்தப் பகுதி) என்று கேட்பார்கள்.

நுவரெலியாவில் எங்கள் முற்றம் முழங்கால் உயரச் சீமெந்துக் கட்டோடு முடிகிறது. மொட்டையாக, கோடு கிழித்த மாதிரி இருந்தது. கட்டுக்கு மேலே மண்ணில் பின்னால் ஹைட்ரேஞ்சியா, அதற்கு முன்னால் அகபாந்தஸ், விளிம்பில் கொடி ஜெரேனியம் வைத்தோம். ஒரு மழைக்காலம் போனதும் ஜெரேனியம் கட்டைத் தாண்டித் தொங்கி, சீமெந்து கண்ணில் படாமல் போயிற்று. ஹைட்ரேஞ்சியாவில் ஒரு வேடிக்கை: உள்ளே தள்ளி நிற்பது நீலம், கட்டுக்குக் கிட்டே நிற்பது இளஞ்சிவப்பு. நம் தேயிலை மண் புளிப்பு மண், அதில் செடிக்கு அலுமினியம் கிடைக்கும், பூ நீலமாகும். சீமெந்தின் சுண்ணாம்பு கசிகிற இடத்தில் அது கிடைக்காது.

இதைப் பார்த்த என் அம்மா, “சேலைக்குக் கரை போட்ட மாதிரி நல்லா தழைஞ்சிருக்கு” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதிலேயே இருந்தது. தழைதல் என்றால் செழித்து வளர்வது. தரையைத் தொடும்படி தாழ்ந்து விழுவதும் அதுதான், தழையத் தழையச் சேலை கட்டுகிறோமே. கரை, துணிக்கும் உண்டு, ஆற்றுக்கும் உண்டு.

ஆகவே ‘தழைகரை’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. இடையில் ‘க்’ வராது. ‘தழைக்கரை’ என்று எழுதினால் இலைதழையால் ஆன கரை என்று பொருள் மாறிவிடும். இதைத் திருத்த வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

முழுப் பாத்திக்கு வேறு பெயர் வேண்டும். ஓவியம் படித்துவிட்டு இங்கிலாந்தில் தோட்டக்கலைக்கு வந்த ஜெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) நிறங்களை வரிசைப்படுத்தி அமைத்த நீண்ட பாத்திகளைக் ‘கரைப்பாத்தி’ என்று சொல்லிவிடலாம். அதன் முன்விளிம்பு கல்லின் மேலோ பாதையின் மேலோ சரிந்து விழுவதுதான் தழைகரை. ‘பூங்கரை’ கேட்க இனிமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூக்காத பன்னம் (fern), புல் வைத்த ஓரத்துக்கு அதைச் சொல்ல முடியாது.

ஒன்று மிச்சம். கான் (மழைநீர் ஓடும் வடிகால்) ஓரத்தில் தழைய விடக் கூடாது. செடி கானை அடைத்தால் தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் திசைமாறி மண்ணை இழுத்துக்கொண்டு போகும். அங்கே வெட்டிவேர் மாதிரி நிமிர்ந்து நின்று மண்ணைப் பிடிக்கிற ஓரம்தான் வேண்டும். அதற்குக் ‘கட்டுக்கரை’ என்று எழுதிப் பார்த்தேன். மன்னார்க்காரர்கள் உடனே தங்கள் கட்டுக்கரைக் குளத்தைச் சொல்வார்கள். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்,
நுவரெலியாவிலிருந்து