குரோம் திறந்தாலே கீரிங் பாஸ்வேர்டு கேட்டது, ஃபைலை அழித்தேன், இப்போது சேமித்த பாஸ்வேர்டு எதுவும் காணோம்

காட்பாடி ஜெராக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றுவிட்டது, இந்த மெஷினில் 11 ஏறாது என்றார்கள், அதனால் மச்சான் வந்து இரண்டிலும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோடை வந்ததும் கரண்ட் போய்ப் போய் வர ஆரம்பித்தது, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிக்க சோம்பல்பட்டு ஆட்டோ லாகின் போட்டேன்.

அன்றிலிருந்து தொல்லை. குரோமைத் திறந்தால் ஒரு பெட்டி வரும், கம்ப்யூட்டரில் நுழைந்தபோது லாகின் கீரிங் திறக்கவில்லை, பாஸ்வேர்டு கொடு என்று. கொடுத்தால் தப்பு என்கிறது. இந்த கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நடுவில் ஒருமுறை மாற்றினேன், கடையில் இருந்த பையன் வேலையை விட்டுப் போனதால், பழையது எனக்கு ஞாபகம் இல்லாததால் மச்சான்தான் ரெகவரி மோடில் போய் மாற்றினான். சரி என்று இரண்டு மூன்று வாரம் கேன்சல் அடித்துக்கொண்டே இருந்தேன். கேன்சல் அடித்தால் குரோம் திறக்கும், ஆனால் பழைய பாஸ்வேர்டு வராது.

நேற்று ஒரு வீடியோவைப் பார்த்து கீரிங்ஸ் ஃபோல்டரில் இருந்த லாகின்.கீரிங் ஃபைலை அழித்துவிட்டேன். புதுசாக ஒரு பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். இப்போது பெட்டி வருவதில்லை. ஆனால் சேமித்து வைத்திருந்த நாற்பது பாஸ்வேர்டும் போச்சு. கூகுள் அக்கவுண்டில் சின்க் கிடையாது.

பாஸ்வேர்டு எல்லாம் அந்தச் சின்ன ஃபைலிலா இருந்தது? விண்டோஸில் இப்படி எதுவும் கேட்டதில்லையே? இதே மெஷினில் ஃபயர்ஃபாக்ஸும் இருக்கிறது, அது மட்டும் ஏன் வாயைத் திறப்பதில்லை? திரும்ப எடுக்க வழி உண்டா?


கோட்டை அகழி:

முதலில் குரோமை மூடுங்கள், மறுபடி திறக்காதீர்கள். அழித்தேன் என்கிறீர்களே, டெலிட்டா, ஷிஃப்ட் டெலிட்டா? டெலிட் மட்டும் என்றால் ஃபைல் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கும். அதைக் காலி செய்துவிடாதீர்கள். பழைய லாகின் பாஸ்வேர்டு, அதாவது மச்சான் மாற்றுவதற்கு முன்னால் இருந்தது, உங்களுக்கு ஞாபகம் வராவிட்டாலும் அந்தப் பையனுக்குத் தெரியும் இல்லையா? போன் போட்டுக் கேளுங்கள்.


மக்கன்பேடா:

அகழி அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள், காரணத்தை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கீரிங் என்பது லினக்ஸில் ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற சாவிக்கொத்து. பாஸ்வேர்டுகள் அதில் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் குரோம் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் தனித்தனியாக கீரிங்கிலேயே வைத்தது உண்மைதான், இப்போது அப்படி இல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் குரோமின் சொந்த ஃபோல்டர் ஒன்று மறைந்திருக்கிறது, அதில் லாகின் டேட்டா என்று ஒரு ஃபைல். அது ஒரு சாதாரண எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். வெப்சைட் முகவரி, யூசர்நேம் எல்லாம் அதில் பச்சையாகவே இருக்கும், பாஸ்வேர்டு மட்டும் பூட்டி இருக்கும். அந்தப் பூட்டுக்கான ஒரே ஒரு சாவி, குரோம் சேஃப் ஸ்டோரேஜ் என்ற பெயரில், கீரிங்கில் தொங்குகிறது. நீங்கள் தூக்கிப் போட்டது சாவிக்கொத்தை. பீரோ அப்படியேதான் இருக்கிறது. புது கீரிங்கில் சாவி இல்லை என்று பார்த்த குரோம் தானே புதுச் சாவி ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டது, அது பழைய பூட்டுக்குச் சேரவில்லை. குக்கீக்கும் இதே சாவிதான், அதனால் எல்லா சைட்டிலிருந்தும் லாக் அவுட் ஆகியிருப்பீர்கள்.

அடுத்தது, அந்தப் பெட்டி ஏன் வந்தது. நீங்கள் லாகின் பாஸ்வேர்டு அடிக்கும்போது அதே பாஸ்வேர்டை வாங்கி, பாம் என்கிற அமைப்பு வழியாக, கீரிங்கையும் சத்தமில்லாமல் திறந்துவிடுவார்கள். முன்வாசல் சாவியாலேயே பீரோ அறையும் திறக்கிற மாதிரி ஏற்பாடு. ஆட்டோ லாகின் என்றால் யாரும் எதையும் அடிக்கவில்லை, கொல்லைப்பக்கமாக ஏறிக் குதித்து வீட்டுக்குள் வந்த மாதிரி. திறக்கக் கையில் ஒன்றும் இல்லாததால் உங்களிடமே கேட்கிறது. அப்புறம் ரெகவரி மோடு விஷயம். நாமே உள்ளே இருந்து, பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றினால் கீரிங்கும் சேர்ந்து மாறும். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாகப் போய் மாற்றினால் பழைய பாஸ்வேர்டு என்ன என்றே அதற்குத் தெரியாது, பின் எப்படி கீரிங்கைத் திறந்து மாற்றும்? அதனால்தான் புதுசைக் கொடுத்தால் தப்பு என்றது. மச்சான் மேல் கோபப்படாதீர்கள், முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள்.

விண்டோஸிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே டிபிஏபிஐ என்று ஒன்று உங்கள் விண்டோஸ் கணக்கோடு சாவியைக் கட்டி வைத்திருக்கும், கேள்வி கேட்காமல் திறந்து கொடுக்கும். உங்கள் பெயரில் ஓடுகிற எந்த புரோகிராம் கேட்டாலும் கொடுத்துவிடும் என்பதால் திருட்டு மால்வேர்களுக்கு அது வசதியாகப் போயிற்று, அதனால் 2024 ஜூலையில் வந்த குரோம் 127-இலிருந்து விண்டோஸில் மட்டும் கூடுதலாக ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள், கேட்பது குரோம்தானா என்று பார்த்துக் கொடுக்கிற மாதிரி. மேக்கில் கீசெயின்.

ஃபயர்ஃபாக்ஸ் பேசாமல் இருப்பது அது டெஸ்க்டாப் கீரிங் பக்கமே போகாததால். அதற்குத் தன் புரொஃபைல் ஃபோல்டரிலேயே இரண்டு ஃபைல், ஒன்றில் பாஸ்வேர்டு, இன்னொன்றில் சாவி. பிரைமரி பாஸ்வேர்டு என்று செட்டிங்கில் ஒன்று இருக்கிறது, முன்பு மாஸ்டர் பாஸ்வேர்டு என்பார்கள், அதைப் போடாவிட்டால் அந்த இரண்டு ஃபைலையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போகிறவன் எல்லாவற்றையும் படிக்கலாம். கேட்கவில்லை என்பதால் அது ரொம்பப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேன்சல் அடித்த வாரங்களில் ஏதாவது புது பாஸ்வேர்டு சேமித்தீர்களா? அது ஒரு தனிக் கூத்து. கீரிங் கிடைக்காவிட்டால் லினக்ஸ் குரோம் தன் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிற ஒரு நிலையான சொல்லிலிருந்து சாவி செய்துகொள்ளும். சோர்ஸ் கோடு வெளியில் இருப்பதால் அந்தச் சொல் ஊருக்கே தெரியும், பீநட்ஸ். அதாவது வேர்க்கடலை, நம்ம மல்லாட்டை. சாவி செய்யும்போது அதோடு கலக்கிற கூடுதல் சொல்லை சால்ட் என்பார்கள், இங்கே அது சால்ட்டிசால்ட். உப்பு போட்டு அவித்த மல்லாட்டை, சத்தியமாக நான் கட்டிவிடவில்லை. ஒவ்வொரு பதிவின் முன்னாலும் எந்தச் சாவியால் பூட்டியது என்று ஒரு குறி இருக்கும், வி10 என்றால் மல்லாட்டை, வி11 என்றால் கீரிங். அதனால் கேன்சல் காலத்தில் சேமித்தது இப்போதும் தெரிய வேண்டும்.


பாலாற்று மணல்:

இவ்வளவு பெரிய கதை எதற்கு? கீரிங் பாஸ்வேர்டைக் காலியாக விட்டுவிட்டு கன்டினியூ கொடுத்தால் வாழ்நாள் முழுக்கப் பெட்டி வராது. ஐந்து வருஷமாக நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒருத்தரும் வந்து திருடவில்லை. இல்லையா, குரோம் ஷார்ட்கட்டில் பாஸ்வேர்டு ஸ்டோர் என்ற ஆப்ஷனுக்கு பேசிக் என்று போட்டுவிடுங்கள், முடிந்தது.


மக்கன்பேடா:

மணல் தம்பி, உன் வீட்டு கம்ப்யூட்டரில் நீ என்ன வேண்டுமானாலும் செய். இது கடை. காலியாக விட்டால் கீரிங் ஃபைல் என்கிரிப்ட் ஆகாமல் வெறும் டெக்ஸ்ட்டாக எழுதப்படும், விடும்போதே அது எச்சரிக்கும், நீ படிக்காமல் கன்டினியூ கொடுத்திருப்பாய். பேசிக் என்றால் மேலே சொன்ன மல்லாட்டைச் சாவி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சர்வீஸுக்குக் கொடுக்கும்போதோ, பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் தள்ளும்போதோ, லைவ் பென்டிரைவ் போட்டு பூட் செய்கிறவன் லாகின் பாஸ்வேர்டே தெரியாமல் எல்லாவற்றையும் படிப்பான். முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்திருந்தால் நீ சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கீரிங் பூட்டி இருக்கும்போதுதான் காவல். லாகின் ஆகித் திறந்துவிட்ட பிறகு அதே யூசர் கணக்கில் ஓடுகிற எந்த புரோகிராமும் புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற டி-பஸ் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நீ யார் என்று கேட்காது. திறந்த மெஷினை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் கீரிங் காப்பாற்றாது.


ஆம்பூர்க்காரன்:

இன்னொரு பள்ளம், நான் விழுந்தது. மின்ட்டில் இருந்த சின்னமன் டெஸ்க்டாப்பை விட்டு கேடிஇ என்கிற வேறு டெஸ்க்டாப் போட்டுப் பார்த்தேன், ஆசைக்கு. பாஸ்வேர்டு எல்லாம் மாயம். எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்று பார்த்து குரோம் சாவி தேடுகிற இடத்தை மாற்றிக்கொள்கிறது, கேடிஇ என்றால் கேவாலட், மற்றபடி ஜினோம் கீரிங். திரும்ப சின்னமனுக்கு வந்தால் எல்லாம் வந்துவிட்டது. பதறி எதையும் அழிக்காததால் பிழைத்தேன்.


காட்பாடி ஜெராக்ஸ்:

கோட்டை அகழி அண்ணா, மக்கன்பேடா அண்ணா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். டெலிட் மட்டும்தான் செய்திருந்தேன், ஃபைல் குப்பையில் இருந்தது. பழைய பாஸ்வேர்டைப் பையனிடம் கேட்டேன், கடைப் பெயரும் 632007-உம்தானே அண்ணே என்று சிரித்தான். சரி, அதுவும் ஒரு பாஸ்வேர்டா என்று நீங்கள் திட்டுவதற்கு முன்னால் நானே ஒத்துக்கொள்கிறேன். ஃபைலை மீட்க எந்த வரிசையில் செய்வது, சொல்லுங்கள்.


கோட்டை அகழி:

நேற்றிலிருந்து புது கீரிங்கோடு ஏதாவது சேமித்திருந்தால் அதை முதலில் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், பழைய சாவி வந்ததும் அது திறக்காது. குரோமை மூடி அதன் ஃபோல்டர் மொத்தத்தையும் பென்டிரைவில் நகல் எடுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டோ லாகினை எடுத்துவிடுங்கள். ஹோமில் கண்ட்ரோல் ஹெச் அடித்தால் மறைந்த ஃபோல்டர் தெரியும், கீரிங்ஸில் இப்போது இருக்கிற லாகின்.கீரிங்கிற்கு வேறு பெயர் வைத்துவிட்டு, குப்பையிலிருந்து பழையதை ரீஸ்டோர் கொடுங்கள், லாக் அவுட் ஆகி உள்ளே வாருங்கள். பெட்டி வரும், அதில் பையன் சொன்ன பழைய பாஸ்வேர்டு. திறந்ததும் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ் என்ற புரோகிராமில் லாகின் என்பதன் மேல் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் பாஸ்வேர்டு கொடுத்து, இப்போதைய லாகின் பாஸ்வேர்டையே அதற்கும் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அப்புறம் பெட்டி வராது. இதெல்லாம் முடிந்த பிறகு குரோமைத் திறங்கள்.


வாலாஜா அக்கா:

நாற்பது பாஸ்வேர்டு என்றீர்களே தம்பி, யாருடையது? நானும் இதே தொழில்தான், அதனால் கேட்கிறேன். பிஎஃப், டிஎன்பிஎஸ்சி, பட்டா, எல்லாம் கஸ்டமருடையதுதானே? அவர்களே, நீங்களே வைத்துக்கொள்ளுங்க சார், எனக்கு ஞாபகம் இருக்காது என்று சொல்வார்கள், தெரியும். நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி டிராயரில் வைத்திருந்தேன், அதையும் விட்டுவிட்டேன். இப்போது குரோமில் கெஸ்ட் விண்டோ திறந்துதான் கஸ்டமர் வேலை, மூடினால் எல்லாம் போய்விடும். பாஸ்வேர்டை அவர்கள் போனிலேயே அவர்களையே பதியச் சொல்கிறேன், போன் இல்லாத பெரியவர்களுக்கு அப்ளிகேஷன் பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். மறந்து வந்தாலும் முக்கால்வாசி சைட்டில் ஓடிபி போட்டு மாற்றிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை, அதற்குத் தனியாகக் காசும் வாங்கலாம்.


காட்பாடி ஜெராக்ஸ்:

வந்துவிட்டது. நாற்பதும். நேற்று புதிதாகச் சேமித்த இரண்டு மட்டும் திறக்கவில்லை, அதை அகழி அண்ணன் சொன்னபடி முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். கேன்சல் காலத்து மல்லாட்டை மூன்றும் அப்படியே இருந்தன.

அக்கா, நீங்கள் கேட்டது உறைத்தது. என் சொந்தப் பாஸ்வேர்டு அதில் ஏழுதான். மற்றதெல்லாம் ஊரார் வீட்டுச் சாவி. இன்று சாயங்காலத்திலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு அழிக்க ஆரம்பிக்கிறேன், பாதிப் பேர் போன் எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கரண்ட் போகும்போதெல்லாம் பாஸ்வேர்டு அடிக்கத்தான் வேண்டுமா, ஆதாருக்கு வாங்கி வைத்த கைரேகை மெஷின் ஒன்று சும்மா இருக்கிறது, அதை லாகினுக்கு வைத்தால்?


மக்கன்பேடா:

அது லினக்ஸில் வேலை செய்தாலும் பிரயோஜனம் இல்லை. கைரேகை நீங்கள்தான் என்று சொல்லும், பாஸ்வேர்டைக் கொடுக்காது. கீரிங் திறக்க பாஸ்வேர்டுதான் வேண்டும், பழையபடி அதே பெட்டி வரும். சின்னதாக ஒரு யூபிஎஸ் வாங்கிப் போடுங்கள்.