கடலோரத் தோட்டத்தில் உப்பும் ஈரமும்: இராமநாதபுரத்து அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

கார்த்திகையில் வாடைக்காற்று இரவெல்லாம் வீசி, மழை மட்டும் பெய்யாமல் விடிந்த ஒரு காலை இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கத்தரிச் செடிகள் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் ஓரம் கருகி நின்றன. வீட்டைப் பார்த்த பக்கத்து இலைகளில் பச்சை குறையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஓர் இலையின் மேல் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் வந்து இலையில உட்கார்ந்திருக்கும்மா, வெயில் ஏறுறதுக்குள்ள நல்ல தண்ணிய ஊத்திக் கழுவு" என்றார். சொன்னதோடு நிற்காமல், குடிப்பதற்கென்று விலை கொடுத்துப் பிடித்து வைத்திருந்த குடத்தையே கொண்டுவந்து சாய்த்தார். கழுவிய செடிகள் தை முடியும் வரை காய்த்தன. தண்ணீர் எட்டாத வேலியோர வரிசை மொட்டோடு உதிர்ந்தது. மழை பெய்தால் அதுவே இலையைக் கழுவிவிடும். காற்று மட்டும் அடிக்கும் நாள்தான் செடிக்குக் கேடு. ஐப்பசியில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பது இப்போது எங்கள் வீட்டில் இதற்காகவேதான்.

தொண்டியிலிருந்து:

தங்கை சொல்வது காற்றால் வரும் கருகலுக்குப் பொருந்தும். ஆனால் ஓரம் கருகினாலே காற்றுதான் காரணம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். செடியின் எல்லாப் பக்கத்திலும், அதுவும் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் முதலில் கருகல் தெரிந்தால், பாய்ச்சும் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் கொல்லையில் ஆழ்துளைக் கிணறு போட வந்தவர், இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று உறுதி சொல்லிக் கூடுதல் பணமும் வாங்கிக்கொண்டார். குழாயில் வந்த முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்த என் தந்தை, அதைத் துப்பிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பழைய ஊற்றுக்குழியின் மேல் கிடந்த பலகையை நகர்த்தப் போனார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. நம் கரையோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாகத்தான் நிற்கிறது. ஆழமாகத் துளைத்தாலும், மேலே உள்ளதை ஒரேயடியாக இறைத்தாலும், அடியில் இருக்கும் உப்பு மேலேறிவிடும். ஊற்றிலிருந்து காலையும் மாலையும் அளவாக இறைத்து, இலையில் படாமல் வேரடியில் ஊற்றி, தென்னை நார்க்கழிவால் மூடாக்குப் போட்டால் பங்குனி வெயிலிலும் கொத்தவரை தாக்குப்பிடிக்கிறது. உப்பு மண்ணுக்கு ஜிப்சமும் போடலாம்.

கீழக்கரையிலிருந்து:

நான் எழுதுவது அறுவடைக்குப் பிந்திய கதை. எங்கள் பக்கத்து உருண்டை வடிவ முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மாடியில் சாக்குப் பைகளில் வளர்ப்பவர்கள் எங்கள் தெருவிலும் பெருகிவிட்டார்கள். என் அண்ணி மாசியில் காயவைத்த வற்றலை ஆசையோடு கொண்டுவந்து கொடுத்தார். என் மாமியார் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினார், சத்தமே வரவில்லை. பிட்டுக் காட்டினார். தோல் மொறுமொறுவென்று நல்ல சிவப்பாக இருக்க, உள்ளே காம்படியில் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் மயிரிழை போல் படர்ந்திருந்தது. முண்டுக்குத் தோல் தடிப்பு. பகலில் காய்ந்தது இரவுப் பனியில் மறுபடி ஈரம் வாங்கிக்கொள்ளும். முழுதும் பழுத்ததை மட்டும் பறித்து, நிழலில் இரண்டொரு நாள் குவித்து நிறம் ஒத்து வந்தபின், வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்பி, பொழுது சாயுமுன் அள்ளி உள்ளே வைக்க வேண்டும். ஆட்டினால் விதை கலகலக்கும் வரை டப்பாவில் அடைக்கக் கூடாது. பூஞ்சணம் கண்டதைத் துடைத்துவிட்டுச் சமைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் நஞ்சு வறுத்தாலும் போகாது, தயவுசெய்து கொட்டிவிடுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து:

எதிர்வீட்டார் காற்றுக்கு மறைப்பாகக் கட்டிய தார்ப்பாய், புயல் சின்னம் உருவான ஓர் இரவில் பாய்மரம் போல் உப்பி, கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பந்தலின் மேலேயே விழுந்தது. இடைவெளி விட்டுக் கட்டிய எங்கள் பனையோலைத் தட்டி அசைந்ததே தவிரச் சாயவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

தொண்டி அண்ணன் ஜிப்சம் போடலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கு, உரிய மருந்து. உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பை அடியில் இறக்குவதும், வடிகால் வெட்டுவதும்தான் வழி. ஆகவே மண்ணைப் பரிசோதித்து எது என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் அலசிப் பிழியாமல் செடியடியில் போடக் கூடாது. மண்டபத்துத் தங்கை இலையைக் காலையில் கழுவியது சரி. மாலையில் கழுவினால் இரவெல்லாம் ஈரம் நின்று இலைப்புள்ளி நோய் வரும். மிளகாய் இலை சுருண்டாலும் உப்பின் மேல் பழி போடாதீர்கள்: மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு, இடித்த வேப்பம்பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிக்கலாம். சிலந்திப்பேனுக்குத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் நனையும் கந்தகத்தூள் உண்டு. அதைக் கடும் வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கிவிடும்.

இராமேசுவரத்திலிருந்து:

2024 நவம்பரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் மிளகாய்ப் பாத்தி மூழ்கியது. தண்ணீர் வடிந்து வெயில் வந்ததும் செடிகள் துவண்டுவிட்டன; வேர் அழுகினால் பிழைக்காது என்பதால் என் தாயார் காய் முழுவதையும் அன்றே பறித்து, கீறி, உப்பிட்ட தயிரில் போட்டார். வெயில் நிலைக்கும் வரை தினமும் கிளறிவிட்டு, பிறகு காயவைத்த மோர் மிளகாய் சித்திரை வரை கெடவில்லை. மேட்டுப்பாத்தியில் இருந்த செடிகள் மட்டும் தப்பின. இந்தப் புரட்டாசியில் எல்லாப் பாத்தியையும் ஒரு முழம் உயர்த்திவிட்டுத்தான் நாற்று நட்டோம்.