பீட்டா ரொட்டி பை மாதிரி உப்பவே மாட்டேன் என்கிறது, அவசரம்

ஹட்டன்மழை
வணக்கம். பீட்டா ரொட்டி மூன்று தடவை போட்டுவிட்டேன், ஒன்றுகூட உப்பவில்லை. தட்டையாகக் கிடக்கிறது. பக்கத்தில் கத்தி விட்டால் பை திறக்காமல் பிய்ந்து போகிறது. கிழங்கும் லீக்ஸும் உள்ளே வைத்துத் தருவதாக ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாளுக்கு 20 ஒத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பதுளை_ரயில்
எல்லாம் சரி என்றால் எதெல்லாம்? என்ன மா, அவனா (oven) அடுப்பா, எத்தனை டிகிரி, எவ்வளவு தடிப்பு?

போறணைக்காரன்
ஈஸ்ட் செத்திருக்கும். 26 வருடமாகப் பேக்கரியில் நிற்கிறேன், வீடியோ பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சீனி, பத்து நிமிடம். நுரைக்கவில்லையா, கொட்டிவிட வேண்டியதுதான். இதுகூடத் தெரியாமல் ஆர்டர் எடுக்கிறார்கள்.

குபூஸ்அக்கா
அண்ணா, சப்பாத்தியில் ஈஸ்டே இல்லை, நெருப்பில் காட்டினால் பந்து மாதிரி எழும்புகிறதே? ஈஸ்ட் ருசிக்கும் மென்மைக்கும். பை விழுவது ஆவியால். மேல் தோலும் கீழ்த் தோலும் சட்டென்று இறுக வேண்டும், நடுவில் இருக்கிற ஈரம் ஆவியாகி இரண்டையும் பிரிக்கும். குவைத்தில் 9 வருடம் இருந்தேன், பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.
தங்கச்சி, அவனை இருக்கிற முழுச் சூட்டில் வையுங்கள். ட்ரேயும் உள்ளேயே கிடந்து காய வேண்டும், குளிர்ந்த ட்ரேயில் வைத்தால் அடி இறுகாது. தட்டின பிறகு துணியால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள்.

ஹட்டன்மழை
கோதுமை மா. அவன் சின்னது, 250இல் வைத்தேன். ட்ரேயும் சூடாகத்தான் இருந்தது. ஈஸ்ட் நன்றாக நுரைத்தது அண்ணா, மா இரண்டு மடங்காக வந்தது.

நானுஓயா_பனி
யாரும் உயரத்தைப் பற்றிப் பேசவில்லையே. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர். காற்றழுத்தம் குறைவு. நுவரெலியாவில் பருப்பு வேகவே எவ்வளவு நேரம் எடுக்கிறது? மலையில் பீட்டா சரிவராது.

பதுளை_ரயில்
பருப்பு சுணங்குவது தண்ணீர் 100 வரை போகாமல் 94, 96இலேயே கொதித்துவிடுவதால். அப்படியென்றால் ஆவி சீக்கிரமே வரும், வெளியிலிருந்து அமுக்குவதும் குறைவு. ரொட்டி இன்னும் லேசாக அல்லவா உப்ப வேண்டும்? உங்கள் வீட்டில் பூரி உப்புவதில்லையா?

நானுஓயா_பனி
பூரி எண்ணெயில் பொரிக்கிறது. அதையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

தலவாக்கலைவாசி
எனக்கு ஒரு சந்தேகம். முக்கோணமாக மடித்த மரக்கறி ரொட்டி ஊரெல்லாம் கிடைக்கிறது, உள்ளே வைப்பதும் அதே கிழங்கு, அதே லீக்ஸ். பிளேன்டீயோடு அதைக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாயில் நுழையாத பெயர் எதற்கு?

குபூஸ்அக்கா
மரக்கறி ரொட்டியில் கறியை வைத்து மடித்துப் பிறகு சுடுகிறோம். இது வெறுமையாகச் சுட்டுப் பிறகு நிரப்புவது. வேறு வேறு சாமான். பெயர் என்ன, எகிப்தில் இந்த மாதிரி ரொட்டியை ‘ஐஷ்’ என்பார்கள், வாழ்க்கை என்று அர்த்தம். அது வாயில் நுழையுமே?

போறணைக்காரன்
குபூஸ் வேறு, பீட்டா வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

குபூஸ்அக்கா
அரபியில் குபூஸ் என்றால் ரொட்டி அண்ணா. எல்லா ரொட்டியும். லெபனான்காரர்கள் போடுவது அகலமாக, மெல்லிசாக இருக்கும், அதிலும் பை உண்டு.

தலவாக்கலைவாசி
இருந்தாலும் மரக்கறி ரொட்டிதான்.

பதுளை_ரயில்
கேட்ட பிள்ளையை விட்டுவிட்டு என்ன பேச்சு இது. ஹட்டன்மழை, ஒரு போட்டோ போடுங்கள்.

ஹட்டன்மழை
[படம்] இன்று காலை போட்டது.

போறணைக்காரன்
நிறமே இல்லை. சூடு போதாது. சின்ன அவனில் 250 என்று எழுதியிருக்கும், உள்ளே அந்தச் சூடு இருக்காது. நான் முதலிலேயே நினைத்தேன்.

குபூஸ்அக்கா
தங்கச்சி, ரொட்டி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது என்ன?

ஹட்டன்மழை
முள்ளுக்கரண்டியால் குத்தினது அக்கா. பிஸ்கட்டுக்கு எப்போதும் குத்துவேன், அதே பழக்கத்தில்.

குபூஸ்அக்கா
ஐயோ. அந்த ஓட்டையெல்லாம் ஆவி போகிற வழி. பிஸ்கட் உப்பக் கூடாது என்பதற்காகத்தானே குத்துகிறோம்! குத்தாதீர்கள். தட்டும்போது மடிப்பு, கிழிசல் விழாமல் பாருங்கள், தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். சுடும்போது கதவைத் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். எடுத்ததும் துணியில் சுற்றி வையுங்கள், ஆறி விறைத்தால் பை வெடிக்கும். லீக்ஸ் தண்ணீர் விடும், கறியை நன்றாகச் சுண்ட வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

பதுளை_ரயில்
அவன் சரிவராவிட்டால் ரொட்டிக்கல்லை நன்றாகக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு நேராக நெருப்பில் காட்டலாம்.

நானுஓயா_பனி
நெருப்பில் காட்டினாலும் உயரம் உயரம்தான்.

ஹட்டன்மழை (திங்கள்)
குத்தாமல் கல்லில் போட்டேன். 24 போட்டதில் 20 உப்பியது. நன்றி அக்கா.

தலவாக்கலைவாசி
மற்ற நாலையும் கொத்துப் போட்டீர்களா?